முதல் வரியும் மூன்றாம் வரியும்

செண்பகவல்லிக்கு ஆசிரியரைவிடப் பதினைந்து வயது அதிகம். ஆசிரியர் ஜெபராஜ் அவளை அக்கா என்பார். அவள் அவரை சார் என்பாள். ஈசிஜி எடுக்கக் கற்றுக்கொள்ள வந்திருந்த மற்ற பிள்ளைகளுக்கு இதைக் கேட்கக் கேட்கச் சிரிப்பு.

அந்தப் பிள்ளைகள் வேலைக்காகப் படித்தார்கள். அவள் ஒரே ஒரு காகிதத்துக்காகப் படித்தாள். அது அவள் கணவர் நயினாரின் கடைசி ஈசிஜி.

அன்று அவள் ஊரில் இல்லை. மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்று இருவருக்கும் சண்டை. அவருக்கு ஐந்தில் ஓட வேண்டும், அவளுக்கு இரண்டே அதிகம். இதற்கெல்லாமா கோபித்துக்கொண்டு போவார்கள் என்று கேட்கக் கூடாது. கல்யாணமாகி இருபது வருடம் ஆனவர்கள் இதற்குத்தான் போவார்கள். அக்காள் வீட்டுக்குப் போனவள் தகவல் வந்து ஓடி வந்தபோது, நயினார் ஆஸ்பத்திரியில் துணி மூடிக் கிடந்தார். காகிதத்தை அவள் கையில் கொடுத்தார்கள். மாரடைப்பு என்றார்கள்.

அவள் கேட்க நினைத்தது வேறு. கோபத்தோடேயே போய்விட்டாரா? ஒரு தடவையாவது தன்னைத் தேடினாரா? அதை எந்த டாக்டரிடம் கேட்பது?

படிப்பு முடிந்த நாளில், பிள்ளைகள் எல்லாம் கிளம்பிய பிறகு, அவள் அந்தக் காகிதத்தை எடுத்து ஜெபராஜின் மேசையில் வைத்தாள். அது முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"என்னக்கா இது?"

"அழிஞ்சிரக் கூடாதேன்னு ஜெராக்ஸ் கடையில லேமினேஷன் பண்ணக் குடுத்தேன் சார். இங்க சேருறதுக்கு முந்தி. சூடு பட்டா இந்தக் காகிதம் கறுத்துரும்னு அப்போ எனக்கு என்ன தெரியும்?"

ஜெபராஜ் அதைப் புரட்டிப் பார்த்தார். "இதுல நான் என்னத்தப் படிக்க?"

"காகிதம்தான் போச்சு. கோடு போகல. தெனமும் பாத்துப் பாத்து எனக்கு மனப்பாடம்."

பேனாவை வாங்கி வரைந்தாள். மூன்று வரிகள். முதல் வரி ஒரே கிறுக்கல். இரண்டாவது சுத்தமாக ஓடியது. மூன்றாவதில் மறுபடியும் கிறுக்கல்.

"இந்தக் கிறுக்கல்தான் அவரு மனசுன்னு நெனச்சிருந்தேன் சார். படிச்ச பெறகுல்லா தெரியுது. இது இதயமே இல்ல. ஒடம்பு அசைஞ்சா விழுற குப்பை. அசையாதீங்கன்னு சொல்லிட்டுத் திரும்ப எடுக்கணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"அப்போ அவரு எனக்குன்னு விட்டுட்டுப் போனது குப்பைதானா?"

ஜெபராஜ் அந்த மூன்று வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கட்டில்ல படுங்கக்கா."

அவள் மல்லாந்து படுத்தாள். இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் கவ்விகளை மாட்டினார். மெஷினைப் போட்டு, திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார். மூன்று வரிகளும் சுத்தமாக ஓடின.

"வலது கைய அசைங்க."

அசைத்தாள். முதல் வரியிலும் இரண்டாம் வரியிலும் கிறுக்கல் விழுந்தது. மூன்றாவது சுத்தமாக ஓடியது.

"இதுவா?"

"இல்ல சார். இது இல்ல."

"இப்போ இடது கை."

அசைத்தாள். முதல் வரி கிறுக்கியது. மூன்றாம் வரி கிறுக்கியது. நடுவில் இரண்டாவது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இதுதான். அப்படியே இதுதான் சார்."

"சரி. கைய வைங்க."

கையை வைத்தாள். வரிகள் அடங்கின.

"அப்போ அவரோட இடது கை..."

"அசைஞ்சிருக்கு. விடாம அசைஞ்சிருக்கு."

"வலிச்சிருக்கும்."

"வலிச்சிருக்கலாம். ஏன் அசைஞ்சுதுன்னு மெஷினுக்குத் தெரியாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நயினார் வேண்டும் போலிருந்தது. மின்விசிறி ஐந்தில் ஓடட்டும், பத்தில்கூட ஓடட்டும், அவர் மட்டும் வந்தால் போதும் என்றிருந்தது.

ஜெபராஜ் மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, வீட்டுல நீங்க அவருக்கு எந்தப் பக்கம் படுப்பீங்க?"

அவள் இருபது வருடமும் நயினாருக்கு இடப்பக்கம்தான் படுத்தாள். அவர் இடது கையை நீட்டினால் அவளைத் தொடலாம். அவள் வலது கையை நீட்டினால் அவரைத் தொடலாம்.

அவளுடைய வலது கை தானாக நகர்ந்து, கட்டிலின் வெறும் ஓரத்தைத் தடவியது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் முதல் வரியும் இரண்டாம் வரியும் கிறுக்கத் தொடங்கின.

அசையாதீங்க என்று ஜெபராஜ் சொல்லவில்லை.