மணி அடிக்காத நாழிகை

கடிகாரம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், செங்கழனி நாட்டை மாறவேள் என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் காலையில் எடுத்த முடிவை மத்தியானத்துக்குள் மாற்றிவிடுவார்.

அவருக்கென்று தினமும் மிஞ்சியது மாலையில் ஒரே நாழிகை. தொட்டித் தண்ணீரில் மிதக்கும் ஓட்டை வட்டில் நிறைந்து மூழ்கியதும் சேவகன் மணி அடிப்பான். மன்னர் ராஜ்ய வேலைக்குத் திரும்ப வேண்டும். வீணையை எடுத்தால் ஓவியம் இழுத்தது. தூரிகையைத் தொட்டால் சதுரங்கம் கண்ணில் நின்றது. எதைச் செய்வதென்று விழிப்பதற்குள் மணி அடித்துவிடும். பாவம், ஒரு வருடமாக இதே கூத்து!

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த பிரபு விருபாட்சர் தூபம் போட்டார்: "இதற்குக்கூட வழி சொல்லாத மந்திரி எதற்கு, மன்னா?"

மன்னருக்குச் சுருக்கென்றது. "தில்லைநம்பி! எனக்கேற்ற பொழுதுபோக்கை நான்கே நாளில் சொல்லும். இல்லையேல் உமது மந்திரி முத்திரை மோதிரம் விருபாட்சருக்கு!"

"ஆகட்டும் அரசே. தினம் ஒன்று செய்யுங்கள், நான் கூட இருக்கிறேன்" என்றார் மந்திரி.

முதல் நாள் வீணை. "மணி அடித்தாயிற்றா?" என்று மூன்று முறை கேட்டார் மன்னர். ஓவியத்துக்கு நான்கு முறை. சதுரங்கத்தில் கொட்டாவி வேறு. அவருக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

"யாரிடமும் சொல்லாத ஆசை ஏதும் உண்டா?" என்றார் தில்லைநம்பி.

மன்னர் அக்கம்பக்கம் பார்த்தார். "சிரிக்கக்கூடாது. பூக்கட்ட ஆசை. அது அரசனுக்கு அழகா ஐயா?"

நான்காம் நாள் முல்லை மொட்டும் வாழைநாருமாக உட்கார்ந்தார். விளக்கேற்றினார்கள். சாப்பாடு ஆறிப்போனது. அவர் தலை நிமிரவில்லை.

விருபாட்சர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மன்னா, மூன்று நாழிகை ஆகிவிட்டது! மணி அடிக்கக்கூடாதென்று தடுத்தவர் மந்திரி! இது ராஜத்துரோகம்!"

"உண்மையா?" மன்னர் திகைத்தார்.

"உண்மைதான் அரசே" என்றார் தில்லைநம்பி. "மற்ற நாட்களில் மணி எப்போது எப்போது என்று கேட்டீர்கள். இன்று ஒருமுறைகூடக் கேட்கவில்லையே!"

மன்னர் மடியிலிருந்த மாலையைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு.

"அரசர் பூக்கட்டுவதா! ஊர் சிரிக்காதா?" என்று பொருமினார் விருபாட்சர்.

"சிரிக்கட்டும். மோதிரம் தில்லைநம்பியிடமே இருக்கும், கூடவே என் முத்துமாலையும்" என்றபடி மன்னர் தான் கட்டிய மாலையைத் தூக்கினார். பாதிப் பூ மடியில் உதிர்ந்தது. "அடடா, இதைச் சாமிக்குச் சாத்த முடியாதே! விருபாட்சரே, எனக்குக் கை தேறும்வரை என் மாலைகளை நீர்தான் அணிந்து சபைக்கு வரவேண்டும்."

மன்னருக்குக் கை தேற மூன்று வருடம் ஆயிற்று.