பை கிளம்பியது, மாமன் கிளம்பவில்லை

நாகப்பட்டினத்தில் கப்பல்துறைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன மடம். யாத்திரைக்காரர்கள் தங்குவார்கள், சாப்பிடுவார்கள், போவார்கள். அதை நடத்தியவர் தில்லையம்மை. நாற்பது வயசு இருக்கும். அவருடைய சீடர் வைரப்பன் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர்.

வைரப்பனின் தங்கை கோமளம் கடலுக்கு அந்தப்பக்கம், யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்கு ஒரே மகள், ஆரணி. அந்தப் பிள்ளைக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்துவார்கள்? அவளுக்கு இருக்கிற ஒரே மாமன் வைரப்பன்தான். காலையில் கப்பலேறினால் மதியத்துக்குள் போய்விடலாம். இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வரலாம்.

ஆனால் காலம் அப்படி இருந்தது. இன்றைக்குக் கப்பல் உண்டு என்பார்கள், விடிந்தால் இல்லை என்பார்கள். அங்கே காய்ச்சல் என்று ஒருத்தர் சொல்வார், இங்கே புயல் என்று இன்னொருத்தர்.

வைரப்பன் நல்ல நாள் பார்த்தார். அன்றைக்குக் கப்பல் ஓடவில்லை. நல்ல நேரம் வீணாகக் கூடாதென்று ஒரு பையைக் கட்டிக் கொண்டுவந்து மடத்தில் வைத்தார். இதற்குப் பரஸ்தானம் என்று பேர். நல்ல நேரத்தில் பை வீட்டைவிட்டு வெளியேறிவிட்டால் ஆளே கிளம்பினதாகக் கணக்கு. ஆள் பின்னால் சௌகரியம்போலப் போய்க்கொள்ளலாம்.

கப்பல் ஓட ஆரம்பித்தது. வைரப்பன் போகவில்லை. டிவியில் ஏதோ சொன்னார்களாம். பரஸ்தானத்துக்கும் சில நாள்தான் கெடு; அந்தப் பைக்கு அது கடந்துபோனது. அடுத்த நல்ல நாளில் இன்னொரு பை வந்தது. அப்புறம் இன்னொன்று. அங்கே காது குத்தும் தள்ளித் தள்ளிப் போனது.

ஒருநாள் சாயங்காலம் நாலாவது பையோடு வந்து நின்றார். கூடத்தில் யாத்திரைக்காரர்கள் பைகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"வாரும் வைரப்பரே. உம்ம பைகளுக்கும் இலை போட்டுடட்டுமா?" என்றார் தில்லையம்மை.

"கேலி பண்ணாதீங்கம்மா. நாளைக்குக் கப்பல் இருக்காம். போறதா வேண்டாமான்னு ஒரே குழப்பம். இந்தக் காலம் எப்போ தெளியும்? அதை மட்டும் சொல்லுங்க, கிளம்பிடுறேன்."

தில்லையம்மை முதல் பையை அவிழ்த்தார்.

"இது என்ன?"

"மழைக்கோட்டு. கடல்ல மழை பிடிச்சா."

அது மூலையில் நனைந்த சேலையோடு இருந்த ஒரு அம்மாளுக்குப் போனது.

"இது?"

"கஷாயப்பொடி. காய்ச்சல் கண்டா."

இருமிக்கொண்டிருந்த ஒருத்தர் தானே கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"அடுப்பு எதுக்கு?"

"அங்கே கேஸ் கிடைக்கலேன்னா."

"இத்தனை போர்வை?"

"திரும்ப முடியாமப் போச்சுன்னா."

"ஐயா, நீங்க போகாம இருக்கிறது எங்களுக்கு நல்லதாப் போச்சு," என்றார் போர்வை கிடைத்த ஒருத்தர். கூடமே சிரித்தது.

நாலாவது பையின் அடியில் ஒரு மாம்பழ நிறப் பட்டுப்பாவாடை. அதன் மடிப்புக்குள் ஒரு ஜோடித் தோடு.

"இது?"

வைரப்பன் கொஞ்சம் யோசித்தார். "இது... போய்ச் சேர்ந்தா."

"நாலு பையிலே போய்ச் சேர்றதுக்குன்னு இவ்வளவுதானா?"

வைரப்பன் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சிக்குப் போன் போடும்."

போட்டார். எடுத்தது பிள்ளை. அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மாமா! காது குத்தாமலே தோடு போடலாமோ எண்டு அம்மாட்டக் கேட்டனான். ஏலாதாம். நீங்கள் எப்ப வாறியள்?"

"வர்றேன் கண்ணு."

"போன தரமும் இப்பிடித்தானே சொன்னனீங்கள்! நான் வளந்திட்டன் மாமா. இன்னும் வளந்தா உங்கட மடியில கொள்ளமாட்டன்."

கூடத்தில் மறுபடி சிரிப்பு. வைரப்பன் தில்லையம்மையைப் பார்த்தார். அவர் அந்தப் பாவாடையை உதறிப் பதமாக மடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வர்றேன்," என்றார் வைரப்பன்.

அந்தப்பக்கம் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் கோமளம் வந்தாள். "அண்ணே, நெசமாவா?" என்றாள்.

காலையில் வெயில் பளிச்சென்று இருந்தது. தில்லையம்மையும் யாத்திரைக்காரர்கள் சிலரும் துறைமுக வாசல்வரைக்கும் வந்தார்கள். வைரப்பன் கையில் ஒரு மஞ்சள் பை மட்டும். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தவர் திரும்பி ஓடிவந்தார்.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு. போயிடுறேன். போனப்புறம் கப்பலை நிறுத்திட்டான்னா? அங்கேயே மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா, அந்தப் பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் மாமன் கிடைப்பார்," என்றார் தில்லையம்மை.