இவரை விட்டால் அடுத்தது ஆர்?

“ஒருத்தன் என்ர அணியை உள்ளுக்குள்ள இருந்தே நாசமாக்கிப் போட்டான்” என்றார் தவநேசன். “பேர் சொல்ல மாட்டன். செய்தவனுக்குத் தெரியும்.”

அருளினி பேர் கேட்கவில்லை. முன்பக்கம் நசுங்கிய கார் ஒன்றின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கனடாவின் ஸ்காபரோவில் அது மார்ச் மாதம். யார்டில் பனி கறுத்துக் குவிந்து கிடந்தது. விபத்தில் அடிபட்ட வாகனங்கள் அங்கேதான் வந்து சேரும். எதைத் திருத்தி ஓட்டலாம், எதை இரும்புக்குப் போடலாம், எதற்கு என்ன விலை என்று சொல்வது அருளினியின் வேலை. அவள் ஒரு விலை சொன்னால் சொன்னதுதான். தவநேசன் தன் டயர்க் கடைக்கு ஒரு வான் வண்டி வாங்க வந்து, கத்தி, கதவை அடித்துச் சாத்தி, திரும்பி வந்து, கடைசியில் அவள் சொன்ன விலையையே கொடுத்துவிட்டுப் போனவர்.

அப்படி அவரை மடக்கியவர்கள் அதிகம் இல்லை. இந்த நாட்டில் வந்து இறங்கியபோது உணவகத்தில் கோப்பை கழுவியவர். அவருக்கு யாரும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. அவரும் எவனிடமும் எதையும் சும்மா விட்டதில்லை. வயதில் அருளினிக்கு மூத்தவர். ஆனாலும் பேஸ்போல் காலம் வந்தால் அவளைக் குரு என்றுதான் கூப்பிடுவார்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்தும் போட்டி அது. அவர்களில் ஒருவர்கூடப் பேஸ்போல் மட்டையைக் கையால் தொட்டதில்லை. இருவர் இருவராகச் சேர்ந்து ஓர் அணி; அருளினிக்கும் ஓர் அணி உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் எல்லோரும் கூடி, பெரிய மைதானங்களில் ஆடும் உண்மையான ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பங்கு பிரிப்பார்கள். அதற்கு டிராஃப்ட் என்று பேர். ஒருவர் எடுத்த ஆளை மற்றவர் எடுக்க முடியாது; வேண்டுமானால் பிறகு ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். மைதானத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் ஆள் வேண்டும். பிறகு இலையுதிர் காலம் வரை அந்த ஆட்டக்காரர்கள் அங்கே அடிப்பதும் ஓடுவதும் எறிவதும் இங்கே இவர்களுக்குப் புள்ளி. கடைசியாக வந்த அணி அடுத்த டிராஃப்ட் அன்று எல்லோருக்கும் சோறு பரிமாற வேண்டும். அந்த அவமானத்துக்கு ஈடாக அந்த அணிக்கே முதல் தெரிவு.

போன ஆண்டு தவநேசனின் அணி கடைசி. நாளைக்கு டிராஃப்ட்.

“ஒரு ஆட்டக்காரனுக்கு என்னண்டு விலை போடுறது, குரு? அதை மட்டும் சொல்லித் தா. டயருக்கு விலை போடுவன். காணிக்கு விலை போடுவன். உதில மட்டும் எனக்குக் கணக்குப் பிழைக்குது.”

அருளினி மூடியைச் சாத்தினாள். கையைத் துடைத்துக்கொண்டு யார்டைக் காட்டினாள்.

இங்கேயே ஒரு டிராஃப்ட் வைப்போம் என்றாள். ஆளுக்கு ஒரு காரும் வேண்டும், சாமான் ஏற்ற ஒரு லொறியும் வேண்டும். எடுப்பது எதுவானாலும் ஓட வேண்டும். முறை மாறி முறை எடுப்பது. அண்ணைக்கு முதல் முறை.

தவநேசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வரிசை வரிசையாக நடந்தார். ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு சிவப்புக் காரின் கூரையில் கையை வைத்தார். பின் விளக்கு உடைந்ததைத் தவிர அதில் ஒரு கீறல் இல்லை. யார்டிலேயே ஆகச் சிறந்த வாகனம் அதுதான். அருளினியும் அதை ஒப்புக்கொண்டாள்.

பிறகு மூலையில் நின்ற பழைய லொறியைக் காட்டினாள்.

“அது எனக்கு.”

தவநேசன் சுற்றிப் பார்த்தார். இன்னும் இரண்டு லொறிகள் நின்றன. ஒன்றுக்கு எஞ்சின் இல்லை. மற்றது எரிந்து கரியாகிப் போனது.

“உது சரியில்லை” என்றார்.

“என்ன சரியில்லை?”

“ஓடுற லொறி ஒண்டுதான் நிக்குது.”

“ஓம்.”

“கார் ஒரு வரிசை நிக்குது.”

“ஓம்.”

“நான் லொறியை எடுத்திருந்தா, சிவப்பை நீ எடுத்தாலும் எனக்குப் பக்கத்தில நிக்கிற வெள்ளை...”

“சிவப்பில ஒரு பிழையும் இல்லை, அண்ணை. அதின்ர விலையைத்தான் பாத்தீங்கள். அதை விட்டால் அடுத்தது என்ன எண்டு பாக்கேல்லை.”

தவநேசன் பெரிதாகச் சிரித்தார். அவ்வளவுதானா என்று கேட்டார். மாதக்கணக்காக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழும்பிப் போனதுபோல் மூச்சு விட்டார். தூர அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், ஒருத்தன் போனால் இன்னொருத்தன், அதனால் அவனுக்கு அவசரம் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார். கேட்சர் அப்படி இல்லை. அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற அந்த ஆள், பிடிக்கவும் தெரிந்து அடிக்கவும் தெரிந்தவன், தேடினாலும் கிடைக்க மாட்டான். கேட்சர்தான் லொறி.

அந்த நினைப்பு வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

போன ஆண்டு அவர்களுடைய முறை வந்தபோது, தூர அடிக்கிற பெரிய ஆள் ஒருவன் மிச்சம் இருக்க, ஒரு கேட்சரை எடுத்தவன் சீலன். தவநேசனின் மனைவியின் தம்பி. அணியில் அவருடைய கூட்டாளி. அணியை நாசமாக்கியவன் என்று அவர் பேர் சொல்லாமல் சொன்னது அவனைத்தான். பேர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். தைப்பொங்கல் விருந்தில் அத்தனை பேரும் இருக்க, இனி நீ எனக்குத் தேவையில்லை என்று அவனிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சீலன் அவருடைய வீட்டுப் படி ஏறவில்லை. மனைவி சாப்பாடு வைப்பாள், கதைக்க மாட்டாள்.

“அந்தக் கேட்சர் இப்ப எங்க?” என்று அருளினி கேட்டாள்.

“ஒரு கிழமையில நான் மாத்திப் போட்டன்.” குரல் இறங்கியது. “ஒண்டைக் குடுத்து ரெண்டு எடுத்தன்.”

“ரெண்டும் நல்ல ஆக்களோ?”

“நல்ல ஆக்கள்தான். ஒண்டுக்கு ரெண்டு வந்தா ஆர் விடுவான்?”

“ரெண்டு பேரையும் எங்க நிப்பாட்டினீங்கள்?”

இருவரும் ஒரே இடத்தில் ஆடுகிறவர்கள். ஒருவன் ஆடினால் மற்றவன் வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்சர் நிற்க வேண்டிய இடத்தில் ஆண்டு முழுக்க ஓர் உருப்படாதவன் நின்றான்.

சரி, அதில் சீலனின் பிழை இல்லை என்றார் தவநேசன். ஆனாலும் கூட்டாளி என்று பார்த்தால் அவன் பெரிய ஆள் இல்லை, வாய் திறக்க மாட்டான், பேரம் தெரியாது, அவனைப்போல ஆயிரம் பேர் என்றார்.

“அப்ப அடுத்தது ஆர்?”

“ஆயிரம் பேர் எண்டன்.”

“ஒரு ஆளைக் கூப்பிடுங்கோ.”

தவநேசன் கார்களுக்கு நடுவில் நின்று தொலைபேசியை எடுத்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், தன் மனைவி விடமாட்டாள் என்றார். மனைவி பக்கத்தில் நின்று, நான் எப்போது சொன்னேன் என்று கேட்டது இங்கே வரை காதில் விழுந்தது. இன்னொருவர் இருமல் வரும்வரை சிரித்தார். சமையல்காரப் பொடியன் ஒருவன், உங்களோடு ஒரு மேசையில் இருந்து பேச்சு வாங்குவதைவிடக் காலம் முழுக்கப் பரிமாறிவிட்டுப் போகிறேன் அண்ணை என்றான். ஒரே ஒருவர் சம்மதித்தார். சம்மதித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். விடியக் காலையில் ஆட்களை மாற்றி வைப்பது யார், நீங்களா நானா?

“என்னத்தை மாத்திறது?” என்றார் தவநேசன்.

யோசித்துச் சொல்கிறேன் என்று மறுபக்கத்தவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அருளினிதான் சொன்னாள். பேஸ்போலில் நாள் தவறாமல் ஆட்டம். இன்றைக்கு ஒருவனுக்கு ஓய்வு, இன்னொருவனுக்குத் தோள் நோவு. அது தெரிந்து, அன்றைக்கு ஆடாதவனை எடுத்து ஆடுகிறவனைக் காலையிலேயே போட வேண்டும். போடாவிட்டால் அந்த இடத்துக்குப் புள்ளி இல்லை. கோடை முழுக்க, ஒரு நாள் விடாமல். அது மட்டுமல்ல, ஆள் மாற்றக் கேட்கிறவர்கள் எல்லோரும் சீலனைத்தான் கூப்பிடுவார்கள். தவநேசனைக் கூப்பிட்டுப் பேச்சு வாங்க யாருக்கும் விருப்பமில்லை.

“அவன் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லையே.”

“கேட்டனீங்களோ?”

சீலன் பேக்கரியில் விடிகாலை வேலை. பாண் வேகும் நேரத்தில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று மனைவி எப்போதோ குறை சொன்னது தவநேசனுக்கு நினைவு வந்தது. அப்போது அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அருளினி கையுறையைக் கழற்றினாள்.

“இன்னொரு விசயம். என்ர அணியில என்னோட நிண்டவ வன்கூவருக்கு வீடு மாறிப் போயிட்டா. நான் சீலனைக் கேட்டிருக்கிறன்.”

தவநேசனின் முகம் சிவந்தது. நீ குருவா, கள்ளியா என்று கேட்டார். வீட்டு ஆளைக் கொத்திக்கொண்டு போகப் பார்க்கிறாய் என்றார். இன்னும் சிலதும் சொன்னார். எரிந்த லொறியின் பக்கத்தில் நின்ற நாய் எழும்பி வேறு இடத்தில் போய்ப் படுத்தது. அருளினி முடியும்வரை கேட்டாள்.

“நீங்கள் வேண்டாமெண்டு வெளியில விட்ட ஆளைத்தானே கேட்டனான்.”

“அவன் என்ன சொன்னவன்?”

“இண்டைக்குப் பின்னேரம் சொல்றன் எண்டவர்.”

“அப்ப எனக்கேன் இவ்வளவும் படிப்பிச்சாய்?”

“கடைசி வந்த ஆளுக்குத்தானே முதல் தெரிவு. சீலனை எடுக்கிறதிலயும் அப்பிடித்தான்.”

தவநேசன் அவளைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வரிசையின் அந்தக் கரைக்கு நடந்து போனார். அங்கே நின்று தொலைபேசியைக் காதில் வைத்தது தெரிந்தது. முதலில் அவர் அசையவில்லை. பிறகு ஒரு காலால் பனியைத் தட்டினார். பிறகு அவருடைய தோள்கள் இறங்கின. ஒரு காரின் மேல் சாய்ந்து, தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

“வாறானாம்” என்றார். “உன்ர அணிக்கு மாட்டனெண்டு உன்னட்டைச் சொல்லச் சொன்னவன்.”

“நல்லது.”

“இணையத்தில எங்கட அணியின்ர கணக்கைக்கூட அவன் மூடேல்லை. கைவிடேல்லைப் பார். இந்த வருசத்துக்கு ஆர் ஆருக்குக் காயம் எண்டு எல்லாம் பாத்து வைச்சிருக்கிறான்.” அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்தார். குளிர்காற்று என்றார். “இனி நிம்மதி. வீட்டிலயும் நிம்மதி.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“ரோட்டில பனியெண்டு சொன்னன். காலமை நானே வந்து ஏத்திறன் எண்டன்.”

“அவ்வளவுதானோ?”

“வேற என்ன? அவன் அப்பிடித்தான். ஒண்டையும் மனசில வைச்சிருக்க மாட்டான்.”

அருளினி லொறியின் சாவியை ஆணியில் மாட்டினாள்.

“அவர் வைச்சிருக்க மாட்டார், அண்ணை. சனம் வைச்சிருக்கும். பொங்கலண்டு அத்தினை பேருக்கும் முன்னால அவருக்கு ஒரு விலை சொன்னீங்கள். நாளைக்கு அதே ஆக்கள்தான் வருவினம். முதல் பேரை வாசிக்க முன்னம் எழும்பி நிண்டு, அந்தக் கேட்சரை எடுத்தது ஆர், மாத்தி விட்டது ஆர் எண்டு உங்கட வாயாலயே சொல்லுங்கோ.”