ஓராவுக்குத் தனிக் கூடை

"தாயி, என்னைக்குத்தான் என்னைய மீன்ல கை வைக்க விடுவீங்க?"

கேட்ட துரைக்கண்ணுவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பஞ்சாலை மூடியதும் மனைவியின் ஊரான இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தவர்.

குருவான சந்தியம்மாளுக்கு முப்பத்தைந்து. வலையிலிருந்து மீன் எடுக்கும் வேலைக்கு, அவள் சரி என்று சொன்ன ஆளைத்தான் படகில் சேர்ப்பார்கள். இதுவும் கை நழுவினால் துரைக்கண்ணுவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"ஓராவ எப்படிக் கண்டுபிடிப்பீங்க? சொல்லுங்கண்ணே."

அவர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். பாறையில் பாசி மேயும் மீன். முயலுக்கு இருப்பது போல் சின்ன வாய், வழவழத்த தோல். கடிக்காது. ஆனால் முதுகிலும் வயிற்றிலும் விஷ முள். கனத்த கையுறை இல்லாமல் தொடக் கூடாது. தனிக் கூடையில் போட்டு, முள்ளைக் கத்தரித்த பிறகே மற்ற மீனோடு சேர்க்க வேண்டும். குத்திவிட்டால் உடனே வெந்நீரில் கையை வைக்க வேண்டும், சூட்டில்தான் விஷம் முறியும்.

ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"இன்னும் கொஞ்ச நாளாகட்டும்."

துரைக்கண்ணுவுக்கு முகம் தொங்கிப்போனது. இரண்டு மாதமாக இதே பதில்தான். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மணலில் ஓர் ஓரா செத்துக் கிடந்தது. செத்ததுதானே என்று வாலைப் பிடித்துத் தூக்கி, கண்ணில் பட்ட மற்ற மீன் கூடையில் போட்டார். உதவி செய்துவிட்ட திருப்தி வேறு.

கொஞ்ச நேரத்தில் சந்தியம்மாள் அந்தக் கூடைக்குள் வெறுங்கையை விட்டாள்.

'அம்மா' என்றாள். உள்ளங்கையில் இரண்டு பொட்டாக ரத்தம். முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

துரைக்கண்ணு ஓடிப்போய், டீக்கு வைத்த வெந்நீரைச் சட்டியோடு தூக்கி வந்தார். அவள் அவசரமாகக் கையை நீட்டினாள். அவர் சட்டியை விலக்கிக்கொண்டார்.

"இருங்க தாயி. இந்த வலியில உங்களுக்குச் சூடு தெரியாது."

தன் கையை முதலில் உள்ளே விட்டார். சுள்ளென்றது. ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினார். மறுபடி கையை விட்டுப் பார்த்து, பொறுக்கிற சூடுதான் என்று தெரிந்த பிறகே அவள் முன்னால் வைத்தார். தண்ணீர் ஆற ஆற வெந்நீர் கலந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் கைதான் முதலில் இறங்கியது.

முக்கால் மணி நேரத்தில் வலி தணிந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மீனைப் போட்டது தான்தான் என்றார். செத்த மீனின் முள் என்ன செய்துவிடும் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை. ஊருக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லி எழுந்தார்.

"நாளைக்குப் படகுக்குப் போங்கண்ணே. நான் சொல்லிர்றேன்."

"நான் பண்ணின காரியத்துக்குப் பெறகுமா, தாயி?"

"மொதல்ல உங்க கைய விட்டுப் பாக்கணும்னு நான் எப்பவாச்சும் சொல்லிக் குடுத்தேனா?"

"இல்லையே."

"அதுக்குத்தாண்ணே ரெண்டு மாசமா காத்திருந்தேன்."