தேரி விழுங்கிய அரியமுத்து

முன்னொரு காலத்திலே, செம்மண் தேரிகளுக்குக் கால் இருந்த காலத்திலே, கீழப்பனையூர் என்று ஓர் ஊர் இருந்தது. தேரி என்றால் சின்னக் குவியல் இல்லை, மக்களே! பனைமரமே மூழ்கிப்போகும் மணல்மேடு. ஊருக்கு மேற்கே அப்படியொன்று கிடந்தது. அதன் உச்சியில் முள் நிறைந்த உடைமரங்கள். அந்த வேர்கள்தான் காற்றுக்குப் போட்ட மந்திரக்கட்டு.

ஓர் ஆடியில் காற்று கூரைகளைப் பிய்த்தது. ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? வீட்டைச் சுற்றி முள்வேலி போட, காற்றைக் கட்டியிருந்த அதே மரங்களை வெட்டினார்கள். இவர்களை என்னவென்று சொல்ல! கடைசி மரத்தில் அரிவாளைப் போட்டவன் அரியமுத்து. கட்டு அவிழ்ந்தது. மறுவெட்டுக்கு அரிவாளை ஓங்கிய அவனைக் காற்று நின்ற இடத்திலேயே கல்லாக்கி, மணலால் மூடியது.

"தேரி உன்னை விட்டு விலகுத அன்னைக்கு எந்திரி" என்று சிரித்தது.

அன்றிலிருந்து தேரி நடந்தது. ஒரு மணல் ஏறும், ஒரு மணல் உருளும். மேற்குச் சரிவில் காற்று தள்ள ஏறும். உச்சி தாண்டி ஊர்ப்பக்கம் உருளும். குளம் போயிற்று. முந்திரி காய்த்த கொல்லாந்தோப்பு போயிற்று.

அரியமுத்துவின் பெண்டாட்டி சித்திரைக்கனி ஊர்ப்பக்கம் நின்று வெறுங்கையால் தோண்டினாள். அள்ள அள்ளச் சரிந்தது. அழுதாள்.

ஓர் ஓணான் தலையாட்டிச் சொன்னது: "ஏ பிள்ளா, இங்க என்னத்தத் தோண்டுத? தேரி முன்னால விழுங்கும், பின்னால கக்கும். மேக்க போய்க் காத்திரு."

காத்திருந்தாள். ஒரு மணல் ஏறும், ஒரு மணல் உருளும். மூன்றாம் ஆடியில் மேற்கு அடிவாரத்தில் அரிவாள் நுனி தெரிந்தது. ஐயோ, அவளுக்கு உயிரே திரும்பியது!

அதே நாளில் கிழக்கே, தேரி முதல் வீட்டு வாசலைத் தொட்டது. அது பொன்னுத்தாய் வீடு. அவள் பிள்ளைத்தாய்ச்சி.

"அக்கா, இந்த வயித்தோட நான் எங்க போவேன்?" என்று சித்திரைக்கனியைத் தேடி வந்து கதறினாள்.

வழி ஒன்றுதான்: வேலிகளைப் பிடுங்கி உச்சியில் ஊன்றி, உடைவிதை போடவேண்டும். காற்று சித்திரைக்கனியின் காதருகே வந்தது.

"நட்டா தேரி நின்னுரும். நின்னா உன் மாப்பிள்ளை உள்ளயே கிடப்பான். இன்னும் ஒரே ஆடி பொறு, கையில தாரேன்."

"அதுக்குள்ள ஊரு?"

"ஊரு போவும்."

அவள் அரிவாள் நுனியருகே உட்கார்ந்தாள். "மச்சான், என்னை மன்னிச்சிருங்க" என்றாள். எழுந்துபோய் முதலில் தன் வீட்டு வேலியைப் பிடுங்கினாள். ஊரே பின்னால் வந்தது.

வரிசை வரிசையாக முள் ஊன்றினார்கள், விதை போட்டார்கள். ஐப்பசி மழையில் முளைத்தது. ஒரு மணல் ஏறும், உருளாது. முள்ளிலேயே தங்கிவிடும். தேரி நின்றது. பொன்னுத்தாய் தன் வீட்டிலேயே பிள்ளை பெற்றாள். சித்திரைக்கனி அதைத் தூக்கிக் கொஞ்சினாள். வீட்டுக்கு வந்து தனியே அழுதாள்.

அடுத்த ஆடியில் காற்றுக்கு வந்ததே ஆத்திரம்! உச்சியைத் தாண்ட முடியவில்லை. மேற்கு அடிவாரத்திலேயே சுழன்று சுழன்று மணலை வாரி எறிந்தது. எறிந்ததெல்லாம் மேலே முள்ளில் சிக்கியது; கீழே பள்ளம் விழுந்தது. அரிவாள் வெளிவந்தது. கை வந்தது. தோள் வந்தது. தான் புதைத்தவனைத் தானே தோண்டுகிறோம் என்பது கோபத்தில் காற்றுக்குத் தெரியவில்லை.

கடைசி மணல் பாதத்தை விட்டு விலகியதும் கல் மூச்சுவிட்டது. அரியமுத்து கண் திறந்தான். அவனுக்கு எல்லாம் அந்தப் பழைய நாள்தான். ஓங்கிய அரிவாளோடு, எதிரே ஓடிவந்து நின்ற மனைவியைப் பார்த்தான்.

"கனி, நீ எப்ப வந்த? இந்த ஒரு மரந்தான் பாக்கி."

அவள் அவன் கையிலிருந்து அரிவாளை மெல்ல வாங்கினாள்.

"அது இருக்கட்டும் மச்சான். வீட்டுக்கு வாங்க."