ராணியின் கோழிகளுக்குப் போட்ட பளிங்குத் தரை

எத்தனையோ தலைமுறைக்கு முந்தி, கொன்றைவள நாட்டைப் பூபாலரங்கன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரு யோசனை மண்டைக்குள் புகுந்துவிட்டால் போச்சு, யானையைக் கட்டி இழுத்தாலும் வெளியே வராது. மந்திரி தாண்டவராயருக்குத் தலை நரைத்தது வயதினால் என்று நினைக்கிறீர்களா? எல்லாம் இந்த ராஜாவால்தான்!

ராணி கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து கோழிகளைக் கொண்டு வந்திருந்தாள். அரண்மனைக்குப் பின்னால் வேலி கட்டி விட்டிருந்தார்கள். காத்தாயி என்ற பெண் அவற்றைக் கவனித்துக்கொண்டாள். அந்த வருஷம் அடைமழை. வேலிக்குள் முழங்கால் சேறு. கோழி பார்க்கப் போன ராஜாவின் ஜரிகைச் செருப்பு சேற்றோடு போய்விட்டது.

"என் கோழிகள் சேற்றில் நிற்பதா? தரைக்கு என்ன போடலாம், சொல்லுங்கள்!" என்று சபையில் கத்தினான்.

தாண்டவராயர் வாயைத் திறப்பதற்குள் கனகசபாபதி என்ற சபை அதிகாரி எழுந்துவிட்டார். மந்திரி நாற்காலிமேல் அவருக்கு எப்போதும் ஒரு கண். தலையில் சின்னக் கோபுரம்போல ஒரு பட்டுத் தலைப்பாகை.

"மகாராஜா, ராணியம்மாவின் கோழிகள் மண்ணில் நடக்கலாமா? ரத்தினக் கம்பளம் விரிப்போம்!"

விரித்தார்கள். கோழிகள் ஒரே நாளில் அதை நார் நாராகக் கிழித்தன. மிச்சம் மழையில் ஊறி, அந்தப்புரம் வரைக்கும் நாறியது. அதோடு விட்டாரா மனுஷன்? "பளிங்குக் கல் பதிப்போம் மகாராஜா. தண்ணீர் விட்டால் பளிச்சென்று இருக்கும்" என்றார். பதித்தார்கள். ராஜா அதில் தன் மீசையைப் பார்த்து முறுக்கிக்கொண்டான்.

கோழிகள்தான் பாவம். கிளறிக் கிளறிப் பார்த்தன. நகம் வழுக்கியதே தவிர ஒரு புழுவும் கிடைக்கவில்லை. வேறு வேலையில்லாமல் ஒன்றின் முதுகை ஒன்று கொத்திக்கொண்டன. பாதம் வீங்கியது. முட்டை நின்றே போச்சு.

"கல்லைப் பெயர்த்துவிடலாம் மகாராஜா" என்றார் தாண்டவராயர்.

"எவ்வளவு அழகாக இருக்கிறது, அதையா?"

"அழகு நமக்கு. கோழிக்கு?"

"கோழிக்கும்தான்!"

இதே பேச்சு தினமும் நடந்தது. சுவரோடு பேசியிருந்தால்கூடச் சுவர் கொஞ்சம் யோசித்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ராணியின் அப்பா ஊருக்கு வரப்போவதாகத் தகவல் வந்தது. மாமனார் என்றால் ராஜாவுக்குப் பயம். வந்ததும் கோழியைத்தான் கேட்பார். கனகசபாபதி ராஜாவின் காதோரம் குனிந்தார். "பளிங்கில் ஒரு குறையும் இல்லை மகாராஜா. காத்தாயிதான் முட்டையைத் திருடுகிறாள்."

அவ்வளவுதான். "மாமனார் வரும்போது முட்டை இல்லையென்றால் காத்தாயிக்குச் சிறை!" என்றான் ராஜா.

காத்தாயி மந்திரி வீட்டு வாசலில் வந்து அழுதாள். "கிளறாத கோழி எங்கேயிருந்துங்க சாமி முட்டை போடும்? எத்தனையோ தடவை சொல்லிட்டேன், யாரும் காதுல வாங்கல!"

"நான் சொன்னதையே வாங்கவில்லை அம்மா. போ, அழாதே" என்றார் தாண்டவராயர். பல்லைக் கடித்துக்கொண்டு விருந்துக்கு ஏற்பாடு செய்தார்.

பேத்திக்குக் காதுகுத்து என்று ராஜாவையும் சபையையும் அழைத்தார். எல்லாருக்கும் வெள்ளியில் செய்த வாழையிலை. ஆவி பறக்கும் சோறு, அதன் தலையில் முருங்கைக்காய்ச் சாம்பார், உருக்கிய நெய். ராஜா ஆசையோடு கையை வைத்தான்.

"மகாராஜா, மன்னிக்க வேண்டும்! பிசையக் கூடாது."

"என்னது?"

"பிசைந்தால் இலை அழுக்காகிவிடும். பாருங்கள், எப்படிப் பளபளக்கிறது!"

கனகசபாபதி விருந்தாளி மரியாதைக்காகச் சோற்றைப் பருக்கை பருக்கையாகப் பொறுக்கினார். மற்றவர்களுக்குப் பசியில் கண் இருட்டியது. சேனாபதி பக்கத்து இலை அப்பளத்தைப் பறித்தார். பறிகொடுத்த புரோகிதர் அவர் கையைக் கிள்ளினார்.

"யோவ் மந்திரி, பைத்தியம் பிடித்துவிட்டதா? பிசையாத சோறு ஒரு சோறா? ஆளுக்கு ஆள் கடித்துக்கொள்ளப் போகிறார்களய்யா!" என்று ராஜா இரைந்தான்.

"இலை அழகாக இருக்கிறதே மகாராஜா" என்றார் தாண்டவராயர், துளி சிரிப்பில்லாமல்.

ராஜா இலையைப் பார்த்தான். அதில் தன் மீசை தெரிந்தது. புரோகிதரின் சிவந்த கையைப் பார்த்தான். முகம் மெதுவாகத் தொங்கியது.

"நாம் பிசைகிற மாதிரிதான் அதுகள் கிளறுவதோ?"

"அப்பாடா!" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார் மந்திரி. "பிசையுங்கள் மகாராஜா, நன்றாகப் பிசையுங்கள்."

மறுநாளே பளிங்கு போச்சு. தண்ணீர் வடிய மேடாக்கி மணல் கொட்டினார்கள். அதன்மேல் காய்ந்த சருகும் நறுக்கிய வைக்கோலும். "தினமும் சருகு பரப்புவது உமது வேலை" என்று கனகசபாபதிக்கு ராஜா உத்தரவு போட்டான். கோழிகள் புழுதி பறக்கக் கிளறின. ஆனால் முட்டை மட்டும் வரவில்லை.

மாமனாரும் வந்து இறங்கிவிட்டார். நேரே கோழி வேலிக்குத்தான் வந்தார். சிறை உத்தரவை ராஜா இன்னும் திரும்ப வாங்காததால் சேவகர்கள் காத்தாயியின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"என்ன மாப்பிள்ளை, முட்டை எங்கே?"

ராஜா மந்திரியைத் திரும்பிப் பார்த்தான். கனகசபாபதிக்கு வாயெல்லாம் பல். சருகு பரப்பக் குனிந்தால் விழுகிறதென்று மூலையில் கழற்றி வைத்திருந்த தலைப்பாகையை எடுக்கப் போனார். "ஐயோ!" என்று அலறிக் கையை உதறினார். தலைப்பாகைக்குள் ஒரு சிவப்புக் கோழி சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. காத்தாயி ஓடிப்போய் அதன் வயிற்றுக்கடியில் கையை விட்டாள். வெதுவெதுப்பாக ஒரு முட்டை.

"பட்டிலேயே கூடா? பலே மாப்பிள்ளை!" என்று மாமனார் ராஜாவின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

ராஜாவுக்கு உயிர் வந்தது. கழுத்து முத்துமாலையைக் காத்தாயிக்குப் போட்டான். "உன்னைத் திருடி என்றது என் புத்தி கெட்டதனால்தான் அம்மா" என்றான். மந்திரிக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாள் யாரும் என்னிடம் எதையும் கேட்காமல் இருந்தால் போதும்" என்றார் தாண்டவராயர்.

"மகாராஜா, என் தலைப்பாகை?" என்று முனகினார் கனகசபாபதி.

"கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. குஞ்சு பொரிக்கட்டும் ஐயா!"

அதுவரைக்கும் கனகசபாபதி சபைக்கு வழுக்கைத் தலையோடுதான் வந்தார். அது பளிங்கைவிடப் பளபளத்ததாம்.