அமெரிக்க இடதுசாரிக்கு ஒரு நாற்காலி

ஒஸ்லோவில் ஒரு விருந்து. நோர்வேயின் இடதுசாரிகள் மண்டபத்தின் இடப்பக்கமும் வலதுசாரிகள் வலப்பக்கமுமாக அமர்ந்திருந்தார்கள். அமெரிக்காவின் இரு கட்சிகளிலிருந்தும் தலா ஒருவர் வந்திருந்தார்கள்.

"இடதுசாரியை இடப்பக்கம் உட்காரவை. நம் ஆட்கள் யாராவது முகம் சுளித்தால் உன் வேலை போய்விடும்," என்று பணிப்பெண் துஷ்யந்தியை அதட்டினார் அதிகாரி ஹால்வோர்சன்.

அவர் சொன்ன இடதுசாரியான ஜனநாயகக் கட்சிக்காரரிடம் அவள் போனாள். "ஐயா, எல்லாருக்கும் அரசாங்கச் செலவில் வைத்தியம் வேணுமா?"

"அவ்வளவு தூரம் போகமாட்டேன்."

நோர்வேயின் வலதுசாரிகளே அதை வேண்டாமென்பதில்லை. அவள் இருவரையும் வலப்பக்கமே அமர்த்தினாள். இவரைக் குடியரசுக் கட்சிக்காரரின் இடது கைப்பக்கம்.

ஹால்வோர்சன் பாய்ந்து வந்தார். "என்ன இது?"

"அவருக்கு இவர் இடது. எங்களுக்கு ரெண்டு பேருமே வலது, ஐயா."

மண்டபமே சிரித்தது. ஹால்வோர்சனும் வேறு வழியின்றிச் சிரித்துவைத்தார். ஜனநாயகக் கட்சிக்காரர் மட்டும் எதிர்ப்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"அப்படியென்றால் அங்கே இருப்பவர்கள் யாரம்மா?"

"வாங்கோ, கூட்டிக்கொண்டு போறன்."

அவர் கோப்பையோடு எழுந்தார்.